மூழ்கிப்போன அட்டிகை

எங்கள் குமராட்சிப் பக்கம் சம்பா நடவு வந்தால் வீட்டு நகைகள் வெளியே கிளம்பிவிடும். என் மாமியார் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் அவை போனது வட்டிக்கடைக்கு. மாசம் நூற்றுக்கு மூன்று வட்டி. ஒரு வருஷம் வெள்ளத்தில் பயிர் போக, அட்டிகையும் கடையிலேயே மூழ்கிப்போனது. "நெல்லும் போச்சு, கழுத்தும் காலியாச்சு" என்று இன்றைக்கும் சொல்வார்.

அப்புறம்தான் பக்கத்திலேயே பேங்க் வந்தது. அது தானாக வரவில்லை என்பது, பொருளாதாரம் படிக்கும் என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 1969 ஜூலை 19-ல் 14 பெரிய வங்கிகள் தேசியமயமாயின. 1977-ல் ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டது: வங்கி உள்ள ஊரில் புதிதாக ஒரு கிளை வேண்டுமா, வங்கியே இல்லாத நாலு ஊரில் திற! 1990 வரை இந்த விதி இருந்தது. 1969-ல் எட்டாயிரம் சொச்சமாக இருந்த கிளைகள் 1990-ல் ஏறக்குறைய 60 ஆயிரமாயின. வாராக் கடனும் சேர்ந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் கிராமத்து வறுமை குறைந்தது என்று பர்ஜஸ், பாண்டே என்ற இரு நிபுணர்கள் 2005-ல் எழுதினார்கள்.

போன நடவுக்குப் பணம் போதவில்லை. "பேங்குக்கு யார் அலையறது? கடையில உடனே தருவான்" என்றார் என் வீட்டுக்காரர். மாமியார் என் வளையல்களை முந்தானையில் முடிந்துகொண்டு, "கிளம்பு அம்மாடி பேங்குக்கு" என்றார். அரை நாள் காத்திருந்தோம்.

சகோதரிகளே, நகை வைக்குமுன் வட்டியை வருஷக் கணக்கில் பாருங்கள். மாசம் மூன்று என்றால் வருஷத்துக்கு 36!

அறுவடை முடிந்து வளையல்களை மீட்டோம். மாமியாரே என் கையில் போட்டுவிட்டார். அவர் கழுத்தைப் பார்க்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.