கார் எடுக்கப் போகும் யாத்திரை

நம் ஊரில் ஒருவர் மோட்டார் கார் வாங்கினால், அதன் முதல் பிரயாணம் எது என்பதில் யாருக்கும் சந்தேகம் ஏற்படுவதில்லை. கம்பெனி வாசலில் சாவியைக் கையில் வாங்கியதும் வண்டி நேரே சமயபுரத்துக்கோ, வயலூருக்கோ, உறையூர் வெக்காளி அம்மன் சந்நிதிக்கோ போய் நிற்கும். அர்ச்சகர் சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டுவார். பழங்கள் நசுங்கிய பிறகுதான் வண்டி நம்முடையதாகிறது. ஊர் சுற்றுவது பற்றிய யோசனையெல்லாம் அதற்குப் பிற்பாடு.

ஐரோப்பாவில் வேறு விதமான வழக்கம் ஒன்று உண்டு. கார் வாங்குகிறவர்கள் தொழிற்சாலைக்கே போய் வண்டியைப் பெற்றுக்கொண்டு, அங்கிருந்தே யாத்திரை கிளம்பிவிடுகிறார்கள். ஜெர்மனியில் உல்ப்ஸ்பர்க் என்னும் ஊரில் இதற்கென்றே 2000-ம் ஆண்டில் இரண்டு கண்ணாடிக் கோபுரங்கள் எழுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் 400 புதுக் கார்கள் அடுக்கடுக்காக நிற்கும்; வாங்கியவர் வந்ததும் அவருடைய கார் யந்திரத்தின் கையில் உட்கார்ந்து கீழே இறங்கும். அமெரிக்கர்கள் ஒரு படி மேலே போனார்கள். ஐரோப்பியக் காரை ஐரோப்பாவிலேயே பெற்று, இரண்டு வாரம் மலையும் கடலும் பார்த்துவிட்டு, கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்புவார்கள். விலையிலும் கொஞ்சம் சகாயம் கிடைக்கும். பல்லாண்டுகள் நடந்த இந்த ஏற்பாட்டை, பெரிய ஜெர்மன் கம்பெனிகள் இரண்டு 2020-ல் நிறுத்திவிட்டன.

இதையெல்லாம் ஸ்ரீரங்கத்து வாத்தியார் ஒருவர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் என் தம்பி. தென் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகருக்குச் சமீபத்தில் இன்ஜினீயராக இருக்கிறான். தை மாதத்தில் ஒரு நாள் டெலிபோனில் முகம் பார்த்துப் பேசும்போது, "அண்ணா, புதுக் காருக்குச் சொல்லியிருக்கிறேன். மே மாதம் மூன்றாவது வாரம் தொழிற்சாலையில் கொடுப்பார்கள். நீ, மன்னி, அம்மா மூன்று பேரும் வந்துவிடுங்கள். காரை எடுத்துக்கொண்டு அப்படியே பதினைந்து நாள் சுற்றிவிட்டு வீடு திரும்பலாம்" என்றான். பள்ளிக்கூட விடுமுறையும் அதே சமயத்தில் வருவதால், நான் மறுப்பதற்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை.

அன்று முதல் சத்திரம் பேருந்து நிலையம் என் பிரயாணக் காரியாலயமாயிற்று. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து இறங்கி, பள்ளிக்கூடத்துக்குப் போகும் அடுத்த பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் இருபது நிமிஷம் தினந்தோறும் எனக்குச் சொந்தம். பழைய நிலையத்தை இடித்துப் புதிதாகக் கட்டி 2021 டிசம்பரில் திறந்த பிறகு உட்காருவதற்கும் இடம் இருக்கிறது. ஒரு பக்கம் "சமயபுரம், சமயபுரம்!" என்று கண்டக்டர் கூவிக்கொண்டிருப்பார், நான் மடியில் ஐரோப்பாப் படத்தை விரித்து, ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஜினீவா ஏரிக்கு எத்தனை கிலோ மீட்டர் என்று பென்சிலால் அளந்துகொண்டிருப்பேன். வழிப்போக்கர்களுக்குத் தங்க இடமளித்த சத்திரத்தின் பெயரைத் தாங்கிய இடத்தில் உட்கார்ந்து, ஆல்ப்ஸ் மலையில் ஓர் இரவுக்கு ஹோட்டல்காரர் கேட்கும் வாடகையை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பது மனத்துக்கு உகந்த காரியம் அல்ல.

தம்பி ஓர் அட்டவணை அனுப்பியிருந்தான். அவன் அட்டவணை முழுவதும் ரஸ்தாக்கள். ஜெர்மனியின் பெருஞ்சாலைகளில் பல பகுதிகளில் வேகத்துக்கு வரம்பே கிடையாது. 130 கிலோ மீட்டருக்கு மேல் போகாமல் இருப்பது நலம் என்ற யோசனை மட்டும் உண்டு. ஆஸ்திரியாவில் கிராஸ்குளோக்னர் என்னும் மலைச் சாலை 1935-ல் திறக்கப்பட்டது. 2,504 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. நம் உதகமண்டலத்தை விட உயரம். 36 கொண்டை ஊசி வளைவுகள். "புதுக் காருக்கு இதுதான் பரீட்சை, அண்ணா" என்று எழுதியிருந்தான்.

என்னுடைய அட்டவணை வேறு. சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு ரஸ்தாவைவிட அதில் முன்னால் நடந்தவர்கள்தான் கண்ணில் படுகிறார்கள். ஸ்டுட்கார்ட் என்றால் உலகத்துக்குக் கார். எனக்கோ 1907 ஆகஸ்டு மாதம் அங்கே கூடிய சர்வதேச சோஷலிஸ்டு மகாநாட்டில் காமா அம்மையார் இந்தியக் கொடியை விரித்துக் காட்டிய ஊர். கருங்காட்டின் ஓரத்தில் உள்ள பாடன்வைலரில்தான் கமலா நேரு சிகிச்சை பெற்றுவந்தார். 1935 செப்டம்பரில் ஜவாஹர்லால் சிறையிலிருந்து விடுதலையாகி அங்கே ஓடினார். 1936 பிப்ரவரி 28-ம் தேதி அந்த அம்மையார் ஸ்விட்ஸர்லாந்தில் லோஸான் நகரில் காலமானார். அதே ஏரிக்கரையில், வில்நெவ் என்னும் சிற்றூரில், 1931 டிசம்பரில் காந்திஜி ரோமேன் ரோலந்தின் விருந்தினராகத் தங்கினார். ஆஸ்திரியாவில் பாட்காஸ்டைனில் 1937 டிசம்பரில் சுபாஷ் சந்திர போஸ் உட்கார்ந்து தமது சுயசரிதையை எழுதினார். இத்தனை இடங்களும் தம்பியின் ரஸ்தாக்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அவன் அட்டவணையில் ஒன்றுகூட இல்லை.

ஐரோப்பா போய்வந்த நம் ஊர்க்காரர் என்றால் எனக்கு முதலில் நினைவு வருபவர் வரகனேரி வ.வே.சு. ஐயர். சத்திரம் நிலையத்திலிருந்து பார்த்தால் தெரிகிற செயிண்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர்தாம். பாரிஸ்டர் ஆவதற்கு லண்டன் போனவர், பாரிஸுக்குத் தப்பி, மாறுவேடம் பூண்டு 1910-ல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அந்தப் பிரயாணத்துக்கு விஸா வாங்க அவர் எந்த வரிசையிலும் நிற்கவில்லை. நாங்கள் நிற்க வேண்டும். தலைக்கு 90 யூரோ கட்டணம். 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷூரன்ஸ். கைரேகை வைக்கச் சென்னைக்குப் போகவேண்டும்.

இரண்டு அட்டவணைகளும் இரண்டு மாதம் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. மூன்றாவது அட்டவணை ஒன்று இருப்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அது என் தாயாருடையது; மிகவும் சிறியது. "அவன் குடியிருக்கிற வீட்டைப் பார்க்கணும். அவன் சமையல் உள்ளிலே ஒரு நாள் சமைக்கணும்." அவ்வளவுதான். தாயாருக்கு வயது 76. இரண்டு முழங்கால்களிலும் வலி. விமானம் என்பதை உள்ளே ஏறிப் பார்த்தவர் அல்லர். பாஸ்போர்ட் இப்போதுதான் எடுத்தோம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. 2021 மே மாதத்தில் எங்கள் தகப்பனார் காலமானார். கொரோனாவின் இரண்டாவது அலை வீசிய நாட்கள் அவை. தம்பியால் வர முடியவில்லை. அம்மா மண்டபத்துப் படித்துறையில் நான் செய்த காரியங்களை அவன் டெலிபோன் திரையில் பார்த்துக்கொண்டிருந்தான். மறு வருஷம் ஆப்திகத்துக்கு வந்து பத்து நாள் இருந்தான். அந்தப் பத்து நாட்களில் தாயாரும் அவனும் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பிறகும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் திரையில், "சாப்பிட்டியா?", "மருந்து போட்டுண்டியா?" என்று கேட்டுக்கொள்வார்கள்.

எங்கள் தகப்பனார் ஆயுளில் கார் வைத்திருந்ததில்லை. ஒரு சைக்கிள் இருந்தது. முன் கம்பியில் தம்பி, பின்னால் நான். தாயாரை ஏற்றிக்கொண்டு எங்கும் போனதில்லை. அவருக்கு எப்போதும் பஸ்தான், அதிலும் பெரும்பாலும் நின்றுகொண்டுதான். ஆகவே தம்பி பதினைந்து நாள் கார்ப் பிரயாணம் என்று சொன்னபோது, அவன் மனத்தில் இருந்தது கிராஸ்குளோக்னர் அல்ல என்று எனக்குத் தெரிந்திருந்தது. "அம்மா முன் ஸீட்டில் உட்காரணும்" என்று மூன்று முறை எழுதியிருந்தான்.

தாயாரிடம் காரின் படத்தைக் காட்டினேன். முதல் கேள்வி, "சமயபுரத்துக்கு எப்போ கொண்டு வருவான்?" என்பது. வராது என்றேன். அந்த நாட்டில் வண்டிகள் வலப் பக்கம் போவதால் ஸ்டியரிங் சக்கரம் இடப் பக்கம் இருக்கிறது. அப்படிப்பட்ட காரை நம் நாட்டில் இறக்குமதி செய்ய விதி இடம் கொடுப்பதில்லை. சுங்க வரியைப் பற்றி நான் வாயைத் திறக்கவே இல்லை. தாயார் சற்று நேரம் யோசித்து, "அப்போ எலுமிச்சம்பழத்தை நாம கொண்டு போகணும்" என்றார்.

அதற்கும் தடை இருக்கிறது. ஐரோப்பிய யூனியனுக்குள் பிரயாணி எடுத்துச் செல்லும் பழம், இலை, காய் எல்லாவற்றுக்கும் பூச்சி நோய் இல்லையென்ற சர்க்கார் அத்தாட்சி வேண்டும். விலக்கு ஐந்து பழங்களுக்குத்தான்: வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டூரியன். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அனுமதி, எலுமிச்சைக்கும் கறிவேப்பிலைக்கும் கிடையாது என்னும் இந்தச் சட்டத்தை எழுதியவர் அர்ச்சனைத் தட்டைப் பார்த்துத்தான் எழுதினாரோ என்று ஐயுற்றேன். பாலில் செய்த பண்டங்களுக்கு முழுத் தடை. நெய்யும் திரட்டுப்பாலும் போயிற்று. எலுமிச்சை ஜெர்மனியில் தெருவுக்குத் தெரு கிடைக்கும் என்று சொல்லித் தாயாரைச் சமாதானப்படுத்தினேன். ஆனால் கார் கொடுக்கும் மண்டபத்தின் தரை பால் போல் வெள்ளையாக இருக்குமென்றும், அங்கே பழம் நசுக்குவது உசிதமல்லவென்றும் தம்பி பயப்பட்டான். "வாசலுக்கு வெளியே வந்து நசுக்கினா அம்பாள் கோவிச்சுக்க மாட்டாள்" என்று தாயார் தீர்ப்பளித்துவிட்டார்.

அதன் பிறகு பென்சிலை வைத்துவிட்டு ரப்பரை எடுத்துக்கொண்டேன். டாக்டர், தாயார் ஒரு நாளைக்கு மூன்று மணிக்கு மேல் காரில் உட்காரக் கூடாது என்றும், ஒவ்வொரு மணிக்கும் இறங்கி நடக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். முதலில் போனது கிராஸ்குளோக்னர். 70 வளைவுகள் கொண்ட நம் கொல்லிமலையில் அறப்பளீசுவரரைத் தரிசிக்க ஏறியபோது தாயார் பட்ட பாட்டை நான் கண்ணால் கண்டவன். பாதி வளைவுகள்தானே என்று தம்பி வாதாடியது எடுபடவில்லை. அதனுடன் பாட்காஸ்டைனும் போயிற்று. அடுத்து லோஸானும் வில்நெவ்வும். ஸ்விட்ஸர்லாந்தின் பெருஞ்சாலையில் ஒரு நாள் ஓட்டினாலும் ஒரு வருஷத்து வில்லையை 40 பிராங்கு கொடுத்து வாங்கியாக வேண்டும் என்பதைச் சொல்லி மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அந்த ஏரிக்கரை வீட்டைப் பார்க்காமல் திரும்பப் போகிறோம் என்பது இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

2017-ல் கோயம்புத்தூரிலிருந்து மீனாக்ஷி அரவிந்த், மூகாம்பிகா ரத்தினம் முதலிய பெண்மணிகள், நம் நாட்டில் செய்த டாட்டா காரில் பர்மா, சீனா, ருஷ்யா வழியாக லண்டன் வரையில் ஓட்டிப் போனார்கள். சுமார் 70 நாள், 24,000 கிலோ மீட்டர். அதைப் படித்தபோது, ஜெர்மனிக்கு உள்ளேயே ஒரு நாளைக்கு மூன்று மணி என்று கணக்கிடும் எங்களை நினைத்துச் சிரிப்பு வந்தது.

மிஞ்சியவை அருகில் உள்ள ஊர்கள். அவற்றுள் உல்ம் என்னும் ஊரைத் தாயார் உடனே ஒப்புக்கொண்டார். அங்கே 161 மீட்டர் உயரமுள்ள மாதா கோயில் கோபுரம் இருக்கிறது. 1377-ல் அஸ்திவாரம் போட்டு, நடுவில் முந்நூறு வருஷத்துக்கு மேல் மொட்டையாக நின்று, 1890-ல்தான் முடிந்ததாம். எங்கள் ராஜகோபுரமும் நானூறு வருஷம் அப்படித்தான் அரைகுறையாக நின்றது. 1987 மார்ச் 25-ம் தேதி கும்பாபிஷேகம் நடந்தபோது தாயார் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தவர். "அவாளும் நம்ம மாதிரிதான்" என்றார். பாடன்வைலரும் நின்றது, நடுவில் ஓர் இரவு தங்குவதென்ற நிபந்தனையின் பேரில்.

கடைசியாகச் சேர்ந்தது யார் அட்டவணையிலும் இல்லாத ஒரு வழி. உலகத்தில் மோட்டார் காரில் நடந்த முதல் நெடும் பிரயாணம் அந்தப் பக்கத்தில்தான் நடந்தது. காரைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல், இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமுக்கு அந்த மூன்று சக்கர வண்டியை ஓட்டினாள். 106 கிலோ மீட்டர். திருச்சியிலிருந்து கும்பகோணம் தாண்டிக் கொஞ்ச தூரம். வழியில் எண்ணெய் தீர்ந்து, வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் துணிக் கறை நீக்கும் திராவகத்தை வாங்கி ஊற்றினாள். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தினாள். பிரேக் கட்டை தேய்ந்தபோது சக்கிலியரைக் கொண்டு தோல் அடித்துக்கொண்டாள். மேட்டில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள்.

இதை நான் இரவுச் சாப்பாட்டின்போது சொல்லிக்கொண்டிருந்தேன். தாயார் மோரை ஊற்றிக்கொண்டே, "அத்தனை அவசரமா எங்கே போனாளாம்?" என்று கேட்டார்.

"போர்ஸ்ஹைமில் அவள் அம்மா இருந்தாள். பார்க்கப் போனாள்."

தாயார் ஒன்றும் சொல்லவில்லை. கை அலம்பிக்கொண்டு வந்த பிறகு, "அந்த ரோட்டிலே போகலாம்னு அவன்கிட்டே சொல்லு" என்றார்.

தம்பிக்குச் சொன்னேன். திரையில் சிறிது நேரம் அவன் முகம் மட்டும் தெரிந்தது. பிறகு, அந்தப் பாதையை இரண்டு நாளாகப் பிரிக்கலாம் என்றும், வீஸ்லோக்கில் மத்தியான்னம் நிறுத்தலாம் என்றும், அவ்வளவும் தானே ஓட்டுவதாகவும் சொன்னான். நானும் என் மனைவியும் பின் ஸீட்டில். வைத்திய இன்ஷூரன்ஸ் வாங்கியாயிற்று. விஸாவுக்குச் சென்னை போகும் தேதியும் கிடைத்துவிட்டது. தயிர் அங்கேயே நன்றாகக் கிடைக்குமாம். மாவடு மட்டும் இங்கிருந்து போகிறது.