பதினாலரை அங்குலம்

அன்புள்ள பாய்,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ரியாத்தின் பத்தாவில் எல்லோரும் 'கண்ணாடிக்கடை பாய்' என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். போன முறை லீவு முடிந்து ரியாத் திரும்பிய முதல் வெள்ளிக்கிழமையே அந்தச் சந்துக்கு வந்தேன். உங்கள் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் தொங்கிக்கொண்டிருந்தது. முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டீர்கள் என்றார் பக்கத்துத் தையல்காரர். எந்த ஊர் என்று கேட்டதற்குக் கீழக்கரைப் பக்கம் என்றார், அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. அதனால்தான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன். உங்களுக்கு வந்து சேராவிட்டாலும், ஹெல்மெட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்து வேலை செய்துகொண்டிருக்கிற ஏதோ ஒரு வெல்டருக்குப் போய்ச் சேரட்டும்.

2016இல் உங்களிடம் முதலில் வந்தபோது எனக்கு 48 வயது. திருச்சி துவாக்குடியில் ராடு பிடிக்கக் கற்றவன் நான். பெல் நிறுவனத்துக்கு வேலை செய்து கொடுக்கும் பட்டறைகள் வரிசையாக இருக்கும் இடம் அது. பைப் வெல்டர் என்றால் அங்கே ஒரு மரியாதை. அந்த மரியாதையோடுதான் சவூதிக்கு விமானம் ஏறினேன். ரியாத்தின் தொழிற்பேட்டையான புது சனையாவில் ஒரு கம்பெனி. ஜாயின்ட்டின் அடித்தையலான ரூட் டிக்கில், மேலே 7018 ராடில். பல வருடங்கள் என் ஜாயின்ட் எக்ஸ்ரேயில் திரும்பி வந்தது அபூர்வம்.

பிறகு திரும்பி வர ஆரம்பித்தது. முதலில் வாரத்துக்கு ஒன்று, அப்புறம் மூன்று. ரூட்டில் ஒரு பக்கம் உருகாமல் நின்றிருக்கும். ஆர்க்கைப் பிடிப்பேன், வெளிச்சம் தெரியும், ஆனால் உருகிய குழியின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது. கை சரியாகத்தான் போகிறது, கண்தான் கூட வரவில்லை. ஃபோர்மேன் ஒருநாள் கிரைண்டரை நீட்டி, "கொஞ்ச நாள் இதைப் பிடி" என்றார். அன்று இரவு ரூமில் யாரோடும் பேசவில்லை. வெல்டிங் என் கண்ணைத் தின்றுவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். சின்ன வயதில் ஆர்க் அடித்து, நடுராத்திரியில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் துடித்த இரவுகள், அம்மா உருளைக்கிழங்கை வெட்டி இமைமேல் வைத்தது எல்லாம் நினைவுக்கு வந்தன. அந்தக் கடனைத்தான் இப்போது கட்டுகிறேன் என்று எண்ணினேன்.

எதையும் இரண்டு ரியாலுக்கு விற்கும் அபு ரியாலைன் கடையில் ஒரு ரெடிமேட் கண்ணாடி வாங்கிப் போட்டேன், தலை வலித்தது. ஊரில் செய்துகொண்ட இரட்டைப் பவர் கண்ணாடியை எடுத்துப் போட்டேன், அது இன்னும் மோசம். அதன் பிறகுதான் உங்கள் படியேறினேன்.

நீங்கள் எழுத்து அட்டையைக் கொடுத்தீர்கள், படித்தேன். உங்கள் கடை விளக்கில் சின்ன எழுத்துகூடத் தட்டுத்தடுமாறித் தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் ஒரு பவரைச் சொல்லி, ஃபிரேமைக் காட்டி, பில் போட்டிருப்பார்கள். நீங்கள் அட்டையை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டீர்கள்: "தம்பி, என்ன வேலை பாக்குறீங்க?" சொன்னேன். "எவ்வளவு தூரத்துல வச்சுப் பாப்பீங்க?" பதில் சொல்லத் தெரியவில்லை. பல வருடம் செய்த வேலை, அந்த அளவை ஒருநாளும் நான் எடுத்ததில்லை.

அப்போது நீங்கள் செய்ததை இன்றும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். மேசையில் இருந்த காலி லபான் மோர் பாட்டிலை எடுத்து, "இதுதான் பைப்பு" என்றீர்கள். கையில் ஒரு பேனாவைக் கொடுத்து, "இது ராடு. எப்படி நிப்பீங்களோ அப்படி நில்லுங்க" என்றீர்கள். கவுன்டருக்கும் சுவருக்கும் நடுவே குந்தினேன். பக்கத்துக் கடையிலிருந்து தையல் டேப்பை வாங்கி வந்து, என் மூக்குத் தண்டிலிருந்து பாட்டில் வரை பிடித்தீர்கள். பதினாலரை அங்குலம். பிறகு பாட்டிலை மேசைக்கு அடியில் பிடித்து, "இப்ப மேலே பாத்து அடிங்க" என்றீர்கள். அண்ணாந்தேன். "உங்க பழைய கண்ணாடியில பவர் எங்க இருக்கு? கீழே. நீங்க எங்க பாக்குறீங்க? மேலே. அப்புறம் எப்படித் தம்பி தெரியும்?"

உண்மையைச் சொல்கிறேன் பாய், தொண்டை அடைத்துக்கொண்டது. நான் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொன்னீர்கள்: "இது நோயில்ல. வெள்ளெழுத்து. நீங்க கணக்கு எழுதுறவரா இருந்தாலும் இந்த வயசுல வந்திருக்கும்."

எங்கள் பாட்டி இதைச் சாளேசரம் என்பாள். நாற்பதைக் குறிக்கும் சாலீஸ் என்ற இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆகக் கெட்டிப்பட்டு, கிட்டத்துப் பொருளுக்காக வளைந்து கொடுக்கிற சக்தியை இழக்கிறது. வெல்டருக்கு அதோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. வயதானால் கண்மணி சுருங்கும், லென்ஸ் மஞ்சளடிக்கும். 20 வயதில் விழித்திரைக்குப் போன வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போகிறதாம். அதன்மேல் கருப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டால்? உங்கள் விளக்கடியில் எழுத்து தெரிந்த எனக்கு ஹெல்மெட்டுக்குள் குழியின் விளிம்பு ஏன் தெரியவில்லை என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹெல்மெட்டைக் கொண்டுவரச் சொன்னீர்கள். கொண்டுவந்தேன். நீங்களே தலையில் மாட்டிப் பார்த்து, "இந்த வெள்ளைக் கண்ணாடியை எப்ப மாத்துனீங்க?" என்றீர்கள். கருப்புக் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் அந்தக் காப்புக் கண்ணாடி பொறி பறந்து பறந்து அம்மை போட்டதுபோல் இருந்தது. வெட்கமாகிவிட்டது. சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள்!

120 ரியாலுக்கு ஒரு கண்ணாடியை நீங்கள் விற்றிருக்கலாம். அதற்குப் பதில், "ஒரு ஃபிலிப்பினோ பையன் காட்டினான், தொப்பிக்குள்ளயே செருகுற பவர் லென்ஸு இருக்கு. வெல்டிங் சாமான் கடையில கேளுங்க, 1.75 வாங்குங்க. அது சரிப்படலன்னா என்கிட்ட வாங்க" என்று அனுப்பினீர்கள். இரண்டு அங்குலத்துக்கு நாலேகால் அங்குலம், கருப்புக் கண்ணாடியின் அதே அளவு. அதற்குப் பின்னால், கண் பக்கமாக உட்கார்ந்துகொள்ளும். சன்னல் முழுவதும் பவர் என்பதால் குனிந்தாலும் அண்ணாந்தாலும் ஒன்றுதான். ஹெல்மெட்டைத் தூக்கினால் தூரத்துப் பார்வை பழையபடி. 20 ரியால் ஆனது.

சனிக்கிழமை காலை முதல் ராடு. குழியின் விளிம்பு முடி கனத்துக்கு, கோடு கிழித்ததுபோல் நின்றது. இரண்டு பக்கமும் உருகி ஒட்டுவதைப் பார்த்தேன். ஆர்க்கை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைத் தூக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். உள்ளே நான் அழுதது யாருக்கும் தெரியாது.

நீங்கள் காட்டிய வழியில் மீதியை நானே தேடிக்கொண்டேன். பைப்பின்மேல் ஒரு எல்இடி விளக்கை மாட்டிவைத்தேன். 11ஆம் நம்பர் கருப்புக் கண்ணாடியை 10ஆக இறக்கினேன், என் ஆம்பியருக்கு அதுவே போதும். வெயிலில் வேலை என்றால் முதுகுப் பக்கத்து வெளிச்சம் ஹெல்மெட்டுக்குள் புகுந்து கண்ணாடியில் பட்டு, என் முகத்தையே எனக்குக் காட்டும். சிவப்புக் கட்டம் போட்ட ஒரு குத்ராத் தலைத்துணியைப் பின்னால் தொங்கவிட்டேன், அந்தத் தொல்லை போயே போய்விட்டது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை இங்கே நண்பகல் 12லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். அதனால் அந்த மாதங்களில் நிறைய வேலை விடியலிலும் இரவிலும் ஓடும். விளக்கு இல்லாவிட்டால் எங்கள் வயதுக்காரர்களுக்கு அது குருட்டு வேலை.

பிறகு காசு சேர்த்துத் தானாக இருளும் ஹெல்மெட் ஒன்று வாங்கினேன். ஸ்வீடன்காரர் ஓகே ஹோர்னெல் 1981இல் ஸ்பீட்கிளாஸ் என்ற பெயரில் கொண்டுவந்த வகை. ராடு தொடும் இடம் முதலிலேயே தெரியும், ஆர்க் பிடித்ததும் கண் இமைப்பதற்குள் இருண்டுவிடும். இருட்டில் தலையைக் குலுக்கி ஹெல்மெட்டை இறக்கி, குத்துமதிப்பாக ராடை வைத்த காலம் போயிற்று. அவரை நான் பார்த்ததில்லை, அவருக்கும் இந்த மடலில் பாதி நன்றி.

பாய், ஒரு விஷயம் மட்டும் மனதை உறுத்துகிறது. எங்கள் ஜாயின்ட்டைச் சோதிக்கிற ஆளுக்கு ஆண்டுதோறும் கண் பரிசோதனை உண்டு. ஜேகர் அட்டையில் இரண்டாம் நம்பர் எழுத்தைப் பன்னிரண்டு அங்குலத்தில் வைத்து அவர் படித்துக் காட்ட வேண்டும். அந்த ஜாயின்ட்டை அடிக்கிற வெல்டரைத் தேறவைக்கும் விதிநூலான ஏஎஸ்எம்இ செக்‌ஷன் 9இல் கண்ணைப் பற்றிப் பேச்சே கிடையாது. ராடு, பொசிஷன், தடிமன், எக்ஸ்ரே எல்லாம் உண்டு. பார்ப்பவனின் கண்ணுக்குக் கொடுத்த மதிப்பைச் செய்பவனின் கண்ணுக்கும் கொடுத்திருக்கலாம். அசாம் தேயிலைத் தோட்டத்தில் 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்குக் வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. கொடுக்காதவர்களைவிட அவர்கள் பறித்த இலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியதாம். இலை பறிக்கவே அப்படியென்றால் ரூட் அடிக்க எப்படி இருக்கும்? எத்தனை பேர் கண் போச்சு என்று தங்களுக்குத் தாங்களே தீர்ப்பு எழுதி, கிரைண்டரோடு எக்ஸிட் அடித்து ஊருக்குப் போயிருப்பார்கள்!

ஊருக்குப் போனபோது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு முழுதாகப் பார்த்தார்கள். புரை இல்லை, அழுத்தம் இல்லை. அதையும் "எதுக்கும் ஒரு தடவ பாத்துருங்க தம்பி" என்று நீங்கள்தான் சொல்லியனுப்பினீர்கள்.

பத்தா இப்போது மாறிவிட்டது. மெட்ரோ நீலக்கோட்டில் வந்து இறங்குகிறோம். வெள்ளிக்கிழமைக் கூட்டம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. தையல்காரரும் அங்கேயேதான் இருக்கிறார். உங்களைப் பற்றிப் பேசும்போது அந்த டேப்பை எடுத்துக் காட்டினார்.

என் லென்ஸ் பவர் இப்போது 2.25 ஆகிவிட்டது பாய். தூரம் மட்டும் அதே பதினாலரை அங்குலம்தான்.

இப்படிக்கு,
புது சனையாவிலிருந்து உங்கள் தம்பி