தூவானத்துக்குப் பின்னால் ஓடுறவன்

எங்கட வீட்டில இன்னும் தீராத வழக்கொன்று இருக்கு. 2012 மார்ச் 25ஆம் திகதி, மலேசியாவின் செப்பாங்கில் நடந்த போர்முலா வன் போட்டியில் நரேன் கார்த்திகேயன் பத்தாவது இடத்துக்கு வந்தது கெட்டித்தனமா, அதிர்ஷ்டமா? பத்தாவது எண்டது முடிவில் இல்லை. மழை கொட்டி, சிவப்புக் கொடி காட்டி, போட்டியை நிப்பாட்டி வைச்ச நேரத்தில்.

வழக்காளிகள் இரண்டு பேர். லண்டனில் இருக்கிற பெரியப்பாவின் மகன், அதாவது என்ர அண்ணா. மற்றது அல்லைப்பிட்டியில் இருக்கிற நான். அண்ணா இங்கிலிஷ் வர்ணனையைக் கேட்டே வளர்ந்தவர். ஆர் மழையில கெட்டிக்காரன், ஆர் பயந்தவன், ஆர் இடைஞ்சல் எண்டு அவருக்கு எல்லாம் முன்னமே தெரியும். நான் அப்ப எட்டாம் வகுப்பு. வர்ணனையில பாதி விளங்காது. விளங்காததால திரையின்ர இடப்பக்கத்தில் ஓடுற பெயர்ப்பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான். அங்கதான் அந்தப் பத்தாவது பெயரைக் கண்டனான்.

நடந்தது இதுதான். தொடக்கத்தில் பாதை ஈரம், ஆனால் வெள்ளம் இல்லை. அநேகமான எல்லாரும் இடைநிலை ரயரோட கிளம்பினார்கள். நரேன் ஓடின எச்ஆர்டி அணி, அந்தப் பருவத்தின் முதல் போட்டியில் தகுதி நேரத்தைக்கூட எட்டாத அணி. அவர்கள் முழு மழை ரயரைப் பூட்டி அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில வானம் உடைஞ்சது. மற்றவர்கள் ரயர் மாத்த உள்ள ஓட, நரேன் வெளியிலேயே நின்றார். ஐம்பது நிமிடத்துக்குக் கிட்டப் போட்டி நின்றபோது, கடைசிப் பக்கத்தில் தொடங்கின கோயம்புத்தூர்ப் பொடியன் பத்தாவது.

"பிள்ளை, ரயரைத் தெரிஞ்சது அணி. அவன் சும்மா இருந்தவன்" எண்டுறார் அண்ணா.

சரி, சும்மாதான் எண்டு வைப்பம். ஆனால் அந்தக் கணக்கை எல்லாருக்கும் ஒரே மாதிரிப் போடுங்கோ எண்டுதான் நான் கேட்கிறன். 2024 நவம்பர் 3, பிரேசில். வெர்ஸ்டாப்பன் பதினேழாவதில் தொடங்கி வென்றார். மழைப் போட்டி எண்டால் இனி இதைத்தான் சொல்லுவார்கள், சொல்லவும் வேணும். அவர் அண்டைக்கு ஓடின ஓட்டம் வேறொருத்தராலும் ஏலாது. ஆனால் முன்னுக்கு நின்ற நொரிஸும் ரஸலும் ரயர் மாத்தப் போயிட்டார்கள், வெர்ஸ்டாப்பன் போகாமல் நின்றார், உடன சிவப்புக் கொடி விழுந்தது. கொடி விழுந்தால் நேரம் இழக்காமல் ரயர் மாத்தலாம். செப்பாங்கில் நரேனுக்கு நடந்ததுக்கு இது ஒண்டவிட்ட சகோதரம். ஒருத்தருக்கு அது மேதைமையின் ஒரு பகுதி, மற்றவருக்குக் குருட்டு அதிர்ஷ்டம். (அந்தப் பிரேசில் போட்டியை நான் முழுசாகப் பார்க்கேல்லை. இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கினது. எங்களுக்கு ஐப்பசி மழை. அங்க தூறத் தூற இங்கயும் தூறி, டிஷ் சிக்னல் போயிட்டுது.)

மழைப் போட்டியில வர்ணனைக்கு ஒரு தனிப் பலம் வருது, காரணம் அங்க ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியிறதில்லை. ஒரு முழு மழை ரயர், மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில், செக்கனுக்கு 85 லீற்றர் தண்ணியை அள்ளி எறியும் எண்டு பிரெல்லி நிறுவனம் சொல்லுது. அப்படி நாலு ரயர். அந்தத் தண்ணி முழுக்கப் பின்னால வாறவன்ர முகத்துக்குத்தான். அது எப்பிடி இருக்கும் எண்டு எங்கட ஊர் ஆக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. கார்த்திகை மழையில, இரண்டு பக்கமும் கடல் இருக்கிற பண்ணை வீதியில, பஸ்ஸுக்குப் பின்னால சைக்கிள் ஓடிப் பாருங்கோ. பஸ் சாரதிக்கு ரோட் தெரியும். உங்களுக்குத் தூவானம் மட்டும்தான். முன்னுக்கு ஓடுறவன் மழையில ஓடுறான், பின்னுக்கு ஓடுறவன் மழைக்குள்ளையும் மற்றவன்ர தண்ணிக்குள்ளையும் ஓடுறான். கமராவும் தெளிவாத் தெரியிற முன்காரோடதான் நிக்கும். வர்ணனையாளர் கமரா காட்டுறதைத்தான் சொல்லுவார். அது அவற்றை பிழையும் இல்லை.

இதுக்குப் பழைய சாட்சி ஒன்று இருக்கு. 1984 மொனாக்கோ. அயர்டன் சென்னா எண்ட புதுப் பொடியன், டோல்மன் எண்ட சின்ன அணிக்காக, கொட்டும் மழையில பதின்மூன்றாவதில இருந்து இரண்டாவதுக்கு வந்து, முன்னுக்கு ஓடின புரோஸ்ட்டை எட்டிப் பிடிக்கப்போற நேரத்தில போட்டியை நிப்பாட்டிப்போட்டார்கள். சென்னாவின் புராணமே அங்கதான் தொடங்குது. ஆனால் அண்டைக்குக் கடைசி இடமான இருபதாவதில தொடங்கி, மூன்றாவதாக வந்துகொண்டிருந்தவர் ஸ்டெஃபான் பெல்லொஃப். ரேர்போ இல்லாத ரிரெல் கார். பிறகு அந்த அணியை வேறொரு குற்றத்துக்காக முழுப் பருவத்திலும் இருந்து நீக்க, அவற்றை பெயர் முடிவுப் பட்டியலிலும் இல்லை. அடுத்த வருசம் ஸ்பாவில் விபத்தில செத்துப்போனார். அண்ணாவிட்ட கேட்டன், பெல்லொஃபைத் தெரியுமோ எண்டு. அந்தக் கேள்விக்கு மட்டும் இரண்டு நாள் பதில் வரேல்லை.

சென்னாவும் பெல்லொஃபும் பாதையில் காரைக் காராய் முந்தினவர்கள், நரேன் அப்பிடி இல்லை. அதை நான் மறைக்கேல்லை. எனக்குக் கோபம் வாறது அதுக்குப் பிறகு நடந்ததில.

போட்டி திரும்பத் தொடங்கிச் சில சுற்றுகளில் ஜென்சன் பட்டன் நரேனில மோதித் தன்ர முன்சிறகை உடைச்சார். பிழை தன்னுடையது எண்டு அவரே ஒத்துக்கொண்டார். கடைசிக் கட்டத்தில், நாலாவதாக ஓடின வெட்டல், நரேனை ஒரு சுற்றால முந்தேக்க உரசி ரயர் வெடிச்சு, புள்ளி இல்லாமல் பதினோராவதானார். விரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு ஜேர்மன் மொழியில வெள்ளரிக்காய் எண்டு சொன்னார். அது அங்க மோசமாய் வாகனம் ஓடுறவைக்குச் சொல்லுற வசை. இந்த வெட்டல்தான் 2008இல் மொன்ஸா மழையில், டோரோ ரோசோ எண்ட சின்ன அணியில் தன்ர முதல் வெற்றியை எடுத்தவர். அதிகாரிகள் நரேனுக்கு 20 செக்கன் தண்டனை குடுத்தார்கள். பத்தாவது இடம் ஒரு நாளோட மறைஞ்சுது, வெள்ளரிக்காய் நிலைச்சுட்டுது.

நரேனுக்கு இது புதுசும் இல்லை. 2005இல் இண்டியானாபொலிஸில் நாலாவதாக வந்து ஐந்து புள்ளி எடுத்தார், போர்முலா வன்னில் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் புள்ளிகள். அண்டைக்கு மிச்செலின் ரயர்ப் பிரச்சினையால ஆறு கார்தான் ஓடினது. ஆகவே அதுவும் கணக்கில் இல்லையாம்.

எங்கட பக்கத்து மாட்டுவண்டிச் சவாரிக்கு மாமாவோட போயிருக்கிறன். ஒலிபெருக்கியில கதைக்கிறவர் கடைசிச் சோடியையும் விடமாட்டார். வண்டிக்காரன்ர பெயர், ஊர், மாட்டின்ர நிறம் எல்லாம் சொல்லுவார், நக்கலும் அடிப்பார். ஆனால் தோத்தவனும் தன்ர பெயரைக் கேட்டுட்டுத்தான் வீட்ட போவான்.

இப்ப மழைப் போட்டி வந்தால் ரிவி சத்தத்தைக் குறைச்சுப்போட்டு, போனில சுற்று நேரங்களைப் பார்த்து நானே அம்மாவுக்குச் சொல்லுறன். பின்னுக்கு நிக்கிற ஒருத்தன் திடீரெண்டு முன்னுக்கு நிக்கிறவனை விட ஒரு பகுதியில் வேகமாய்ப் போனால், அவன்ர ரயர்தான் இப்ப சரியான ரயர், பாதை மாறப்போகுது. எண்கள் அதை முன்னமே சொல்லிப்போடும், வர்ணனை ஒரு சுற்றுக்குப் பிறகுதான் வரும். அம்மா தையல் மெசினில் இருந்து தலையைத் தூக்காமல் ஒன்றைத்தான் கேட்பா: "கடைசியா ஓடுறது ஆர்?"

செப்பாங் கதையையும் அவவுக்குச் சொன்னனான். தண்டனைக்குப் பிறகு நரேன் 22ஆவது. அண்ணாவுக்கு அதையும் அனுப்பியிருக்கு.