வாய்க்கால் ஓரமாக எல்லை வரை

உங்கள் வீட்டுப் பின்கட்டில், கோழிக்கூண்டுக்குப் பக்கத்திலோ விறகு அடுக்கிய மூலையிலோ, ஒரு பழைய சைக்கிள் சாய்ந்து கிடக்கிறதா? இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். டயரும் டியூபும் மாற்றி, பிரேக் கட்டை புதிதாகப் போட்டு, செயினுக்கு எண்ணெய் விட்டால் போதும். அது உங்களை எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்க்கும்.

என்னை அது சயாம் எல்லை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

சைக்கிள் என் அப்பாவுடையது. ராலே. இரண்டு பக்கமும் பால்வாளி தொங்கவிட்டு அவர் ஓட்டிய வண்டி. பின் கேரியர் அந்தப் பாரத்தில் வளைந்தது வளைந்தபடியே இன்னும் இருக்கிறது. அப்பா எங்கள் தோட்டத்திலிருந்து சுங்கைப் பட்டாணிக்கு அதில்தான் போவார். ஒருமுறை அலோர் ஸ்டார் வரைக்கும் போயிருக்கிறார். அதற்கு வடக்கே மட்டும் போகமாட்டார். தோட்டத்து மக்கள் பஸ் பிடித்து, பாடாங் பெசாரில் துணிமணி வாங்கப் புறப்படும் நாட்களில், "நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்.

காரணம் எங்களுக்குத் தெரியும். 1943-ல் பெரியப்பாவை ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று பெயர் எழுதிக்கொண்டார்களாம். பெரியப்பாவுக்கு வயது 19. அப்பாவுக்குப் பதினொன்று. லாரிக்குப் பின்னால் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓடினாராம் அப்பா. அதற்கப்புறம் சேதியே இல்லை.

அப்பா காலமாகி ஆறு வருடம் கழித்து, எனக்கு 64 வயதானபோது, சைக்கிளைத் துடைத்து வெளியே எடுத்தேன். பெரியப்பா போன திசையில், அப்பா போக மறுத்த இடம் வரைக்கும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. தங்கை மகன் கூட வருகிறேன் என்றான். அவனிடம் கியர் வைத்த புது சைக்கிள் இருக்கிறது. "மாமா, நீங்கள் பாதியில் நின்றுவிட்டால் நான் வேன் கூப்பிடுகிறேன்" என்றான். நல்ல பிள்ளைதான், வாய்தான் கொஞ்சம் அதிகம்.

குருணில் தொடங்கினோம். நீங்களும் அங்கேயே தொடங்குங்கள். ஜெராய் மலை, 1,217 மீட்டர் உயரம், உங்கள் முதுகுப் பக்கம் நிற்கும். முன்னால் ஒரே சமவெளி. சாலையோரம் ஓடும் வாய்க்காலைப் பார்க்கிறீர்களே, அது சாதாரண வாய்க்கால் இல்லை. கெடாவின் மந்திரி பெசாராக இருந்த வான் முகமது சமான் 1885-ல் வெட்டத் தொடங்கியது. ஜெராய் அடிவாரத்திலிருந்து அலோர் ஸ்டார் வரை ஏறக்குறைய 36 கிலோமீட்டர். அகலம் 24 அடி, ஆழம் 5 அடி. முடிய ஏறத்தாழப் பத்து வருடம் ஆயிற்று. நில அளவைக் கருவிகள் அதிகம் இல்லாத காலம் அல்லவா? இரவில் வரிசையாகப் பந்தம் கொளுத்தி நிறுத்தி, அந்த வெளிச்சத்தை வைத்து நேர்கோடு பிடித்தார்கள் என்று சொல்வார்கள். சைக்கிளில் போகும்போது அதை நம்பத் தோன்றுகிறது. காரில் போகிறவர்களுக்கு இந்த நேர்கோடு தெரியவே தெரியாது.

சதுப்பு நிலத்தில் தண்ணீரை வடித்து வயலாக்கியது இந்த வாய்க்கால். பிறகு 1966-லிருந்து 1970 வரை மூடா நீர்ப்பாசனத் திட்டம் வந்தது. மூடா அணையையும் பெடு அணையையும் ஒரு சுரங்கத்தால் இணைத்து, வருடத்துக்கு ஒரு போகம் விளைந்த நிலத்தில் இரண்டு போகம் விளைய வைத்தார்கள். நம் வீட்டுப் பானையில் வேகும் அரிசியில் ஒரு பிடியாவது இந்த வயல்களிலிருந்து வந்ததாக இருக்கும்.

நாங்கள் போனது பிப்ரவரி. கதிர் முற்றி, வயல் முழுக்க மஞ்சள். அறுவடை இயந்திரங்கள் இறங்கியிருந்தன. அதன் பின்னாலேயே வெள்ளைக் கொக்குகள் கூட்டமாக நடக்கின்றன, கூலி வாங்க நிற்பதைப் போல. இந்த மாதத்தில் வெயிலும் காற்றும்தான் தொல்லை. வடகிழக்குக் காற்று முகத்திலேயே அடிக்கும். சமவெளி சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். மேட்டிலாவது ஏறி முடித்ததும் இறக்கம் உண்டு. எதிர்க்காற்றுக்கு இறக்கம் கிடையாது. விடியும் முன்பே புறப்பட்டு, பதினோரு மணிக்குள் அன்றைய பயணத்தை முடித்துவிடுவது உத்தமம். தண்ணீர் இரண்டு போத்தல், தொப்பி, ஒட்டுப்போடும் சாமான், பம்பு. அறுவடைக் காலத்தில் டிராக்டர் சக்கரத்துச் சேறு ரோட்டில் கட்டிக் கட்டியாய் விழுந்து கிடக்கும். காய்ந்தால் கல், நனைந்தால் வழுக்கல்.

குவார் செம்படாக் தாண்டி, கோத்தா சாராங் செமுட் பக்கம் வாய்க்கால் கரையில் ஒரு மலாய்ப் பெரியவர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். என் சைக்கிளைத்தான் முதலில் பார்த்தார். "அண்ணே, இது என் அப்பாவிடம் இருந்த மாதிரி" என்று மலாயில் சொல்லி, பெல்லை ஒருமுறை அடித்துப் பார்த்தார். எங்கே போகிறோம் என்று கேட்டார். பாடாங் பெசார் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தம் கம்பத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள் என்றார். அந்தப் பாதை வேலைக்கு மலாயாவிலிருந்து போன எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். ஆனால் நம்மவர்கள் மட்டும் இல்லை. அது எனக்கு அன்றுதான் மனதில் உறைத்தது.

அன்று இரவு அலோர் ஸ்டாரில் உறவினர் வீடு. மறுநாள் ஆயேர் ஹீத்தாம், சங்லாங் வழியாகக் கங்கார். இருபுறமும் வயலும் தண்ணீரும்தான், ஐம்பது கிலோமீட்டரை ஒட்டி வரும். சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை, இரண்டு நாய்கள் துரத்தியதைத் தவிர. நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். அதற்குச் சலித்துப்போகும்.

மூன்றாம் நாள்தான் மேடு. கங்காரைத் தாண்டியதும் வயல்களின் நடுவே சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள் திடீர் திடீரென்று எழுந்து நிற்கும். பக்கவாட்டில் செங்குத்து, தலையில் காடு. சாலை பெரிய ஏற்றமாக ஏறுவதில்லை. கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். கியர் இல்லாத ராலேக்கு அதுவே அதிகம். இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். மருமகன் மேலே போய்க் காத்திருந்தான். வேன் பேச்சை எடுக்கவில்லை.

திமா தாசோ ஏரிக்கரையில் நின்று பசியாறுங்கள். 1992-ல் கட்டி முடித்த அணை. ஆழம் குறைவான அகன்ற நீர், அதற்கு அப்பால் நீல நிறத்தில் எல்லை மலைகள். கிழக்கே சுப்பிங் சமவெளி. 1998 ஏப்ரலில் 40.1 டிகிரி வெயில் பதிவான இடம் அதுதான். ஏப்ரலுக்கு மேல் போனால் ஹாரும்மானிஸ் மாம்பழம் கிடைக்கும். ஆனால் அந்த வெயிலில் சைக்கிள் வேண்டாம், பஸ்ஸில் போய் வாங்குங்கள்.

இங்கிருந்து இடப்பக்கம் பிரிகிற சாலை காக்கி புக்கிட்டுக்குப் போகிறது. ஈயச் சுரங்கக்காரர்கள் பயன்படுத்திய குவா கெலாம் குகை அங்கே இருக்கிறது. 370 மீட்டர் நீளம், உள்ளே ஓடை, அதன் மேல் நடைபாலம். பிள்ளைகளோடு போனால் கட்டாயம் பாருங்கள். அதற்கும் அப்பால் மலை ஏறினால் வாங் கெலியான். என் கால் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மனசும் கொடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். 2015 மே மாதம் அந்தக் காட்டில்தான் 139 புதைகுழிகளைப் போலீஸார் கண்டார்கள். பிழைப்புத் தேடி எல்லை தாண்டி வந்து, ஆள் கடத்துவோர் கையில் சிக்கியவர்கள். அவர்களில் பலருக்கும் பெயர் தெரியாது.

பாடாங் பெசாரை நெருங்க நெருங்க ரயில் பாதையும் கூடவே வந்தது. 1918-ல் இந்தப் பாதை இங்கே வந்து சயாம் பாதையோடு சேர்ந்தது. இப்போது மின்சார ரயில் ஓடுகிறது. பெரியப்பாவை ஏற்றிய சரக்கு வண்டியும் இதே வழியாகத்தான் போயிருக்கும். இங்கிருந்து ஹாட்யாய், அங்கிருந்து பான் போங், பிறகு 415 கிலோமீட்டர் மரணப் பாதை.

உங்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். 1909-ல்தான் சயாம் கெடாவையும் பெர்லிஸையும் பிரிட்டிஷாருக்கு விட்டுக்கொடுத்தது. 1943 அக்டோபரில் ஜப்பானியர் அவற்றைத் திரும்பச் சயாமுக்கே கொடுத்துவிட்டார்கள். போர் முடிந்த 1945-ல்தான் மறுபடி மாறியது. ஆக, பெரியப்பா எல்லை தாண்டிப் போனார். சில மாதத்தில் எல்லையே எங்கள் தோட்டத்தைத் தாண்டித் தெற்கே போய்விட்டது. பாட்டியும் மகனும் ஒரே நாட்டில் இருந்திருக்கிறார்கள், அவர் அதுவரை உயிரோடு இருந்திருந்தால். பாட்டிக்கு இதை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள் வரிசையாய் இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் பெயரோடு. நம் தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை கிடையாது. எங்கள் வீட்டில் பெரியப்பாவின் படம்கூட இல்லை. அவர் பெயரைச் சொல்லி நினைத்துக்கொள்ள அப்பா ஒருவர்தான் இருந்தார். அந்தப் பெயரை நான் என் மகளின் பள்ளி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் குடும்பத்திலும் அப்படிப் போனவர் உண்டென்றால், பெயரைத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். வயது, தோட்டம், எந்த மாதம் என்பதையும் சேர்த்து.

பாடாங் பெசார் ஸ்டேஷனில் இரண்டு நாட்டுக் குடிநுழைவுத் துறையும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. பாஸ்போர்ட் கொண்டுபோயிருந்தேன். "போய்விட்டு வரலாமா மாமா?" என்றான் மருமகன். தண்டவாளத்தின் மேலே உள்ள நடைபாலத்தில் நின்று வடக்கே பார்த்தேன். இரும்பு நேராகப் போகிறது, பிறகு ஒரு வளைவு, பிறகு மரங்கள். வேண்டாம் என்றேன். அப்பாவின் சைக்கிளைக் கீழே பூட்டி வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை, அதுதான் காரணம்.

ஹாட்யாயிலிருந்து ஒரு ரயில் வந்து நின்றது. கூடையும் பையுமாகப் பெண்கள் இறங்கினார்கள். நாங்கள் இரண்டு தே தாரிக் குடித்தோம். பிறகு பார்த்தால் பின்சக்கரத்தில் காற்று இல்லை. முள் ஒன்று குத்தியிருந்தது. சந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுப்போட்டோம். மருமகன் பம்பு அடிக்க, நான் வளைந்த கேரியரைப் பிடித்துக்கொண்டேன்.