பாஸ்போர்ட்டில் இருந்த ராமானுஜன்

எங்கள் காரைக்காலில் பழைய வீட்டுக் கூடங்களில் இப்படி ஒரு படத்தைப் பார்க்கலாம். பிரெஞ்சுப் பட்டாளத்துக்கோ சைகோனுக்கோ போன பெரியவர் ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு, சிரிக்காமல் நேரே நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். பல வீடுகளில் அது பாஸ்போர்ட்டுக்காக எடுத்த படம்தான். அந்தக் காலத்தில் ஆசைக்காக யார் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்? சர்க்கார் கேட்டால்தான் ஸ்டூடியோ படியேறுவார்கள். எங்கள் பெரியப்பாவுக்கும் அப்படி ஒரே ஒரு படம்தான். அவர் போன பிறகு பெரியம்மா அதைப் பெரிதுபண்ணிக் கண்ணாடி போட்டு மாட்டினார்.

கணித மேதை ராமானுஜனின் முகமும் நமக்கு இந்த வழியாகத்தான் கிடைத்தது.

நம் பக்கத்துக் கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். 1914 மார்ச்சில் கப்பலேறி இங்கிலாந்து போனார். ஐந்து வருஷம் கழித்து 1919-இல் நோயாளியாகத் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னையில் காலமானார். அப்போது வயது 32.

மனைவி ஜானகிக்கு 1909-இல் திருமணம். அப்போது அவர் சின்னப் பெண். ராமானுஜன் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது கொஞ்ச காலம், கடைசியில் நோயில் கிடந்தபோது ஒரு வருஷம். இவ்வளவுதான் சேர்ந்து வாழ்ந்தது. பிறகு தையல் கற்றுக்கொண்டு, சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த சிறு பென்ஷனோடு திருவல்லிக்கேணியில் தனியே காலம் தள்ளினார்.

1936-இல் வானியல் அறிஞர் சந்திரசேகர் இந்தியா வந்தார். ராமானுஜனின் நல்ல படம் ஒன்று கிடைக்குமா பாருங்கள் என்று பேராசிரியர் ஹார்டி அவரிடம் சொல்லியிருந்தார். அதுவரை அவர்கள் பார்த்திருந்தது பட்டமளிப்பு அங்கியும் தொப்பியுமாக இருக்கும் படம்தான். அதில் ராமானுஜன் ராமானுஜனாகவே இல்லை. சந்திரசேகர் ஜானகி அம்மாளைத் தேடிப் போய்க் கேட்டார். அம்மாள் வீட்டில் தேடி, கணவரின் 1919-ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட்டை எடுத்து வந்து காட்டினார். பதினேழு வருஷம் ஆகியும் அதிலிருந்த படம் பிரதி எடுக்கும் அளவுக்கு நன்றாக இருந்தது. 1940-இல் வந்த ஹார்டியின் புத்தகத்தில் அதுவே இடம்பெற்றது. உடம்பு சரியில்லாதவர்போலத் தெரிந்தாலும் மேதையின் முகம் இதுதான் என்று ஹார்டிக்கு அதில் திருப்தி.

1962-இல், காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த அதே வருஷம், ராமானுஜனின் 75-ஆவது பிறந்த நாளுக்கு அரசு தபால்தலை வெளியிட்டது. ஆனால் வருவதாகச் சொன்ன சிலை மட்டும் வரவில்லை. அது என்னவாயிற்று என்று அம்மாள் முதுமையில் பத்திரிகைப் பேட்டியில் கேட்டார். செய்தி அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஆஸ்கிக்கு எட்டியது. பல நாட்டுக் கணிதக்காரர்கள் பணம் போட, பால் கிரான்லண்ட் என்ற சிற்பி மார்பளவுச் சிலை வடித்தார். அவருக்கு மாதிரி அந்தப் பாஸ்போர்ட் படம்தான். ஒரு சிலை அம்மாளின் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. 1994-இல் அவர் காலமானார். விதவையாக 74 வருஷம்.

காலாவதியான பாஸ்போர்ட் யாருக்கும் உபயோகப்படாது. அந்த அம்மாள் அதைக் கழித்துப் போட்டிருந்தால், கேட்க நாதி இல்லை. மேதையின் முகம் அங்கியும் தொப்பியுமாகவே நின்றுபோயிருக்கும்.

நம் ஊரில் இப்போது பழைய வீடுகளை இடித்துக் கட்டுகிறார்கள். பரண் சாமான்கள் பழைய பேப்பர்காரரிடம் போகின்றன. போடுமுன் டிரங்குப் பெட்டியை ஒரு தடவை திறந்து பாருங்கள். படம் இருந்தால், அது யாருடையது என்று பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். பேர் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் நாம் சிலர்தான் இருக்கிறோம்.