கரண்ட் மிச்சம் பிடிக்கும் ஃபேனை ஏன் வாங்க மாட்டேங்குறோம்?

கோடையில் ஓபிக்கு வரும் பெரியவர்களிடம் "ராத்திரி ஃபேன் போட்டுத்தானே படுக்குறீங்க?"ன்னு கேட்பேன்.

"பில்லு ஏறும்னு நடுராத்திரி நிறுத்திடுவேன் சார்."

இந்தப் பதிலை அடிக்கடி கேட்கிறேன் உறவுகளே. சுகர், பிரஷர், இதய நோய் உள்ளவர்கள் புழுக்கத்தில் தூங்காமல், நீர்ச்சத்து குறைந்து வருவதைப் பார்க்கிறவன் என்பதால்தான் இந்தப் பதிவு.

சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கே இரண்டு மாசத்தில் 40 யூனிட் மிச்சம்.

அப்புறம் ஏன் வாங்கறதில்லை? "விழிப்புணர்வு இல்லை"ன்னு சொல்லிடலாம். நான் ஒத்துக்க மாட்டேன். மக்கள் சரியாத்தான் கணக்குப் போடுறாங்க.

நம்ம ஊர்ல இரண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதுக்குள்ள இருக்கிறவருக்கு மிச்சம் பிடிச்சா கிடைப்பது பூஜ்யம்!

வாடகை வீடுன்னா ஃபேன் ஓனரோடது, பில்லு நம்மளோடது. பில் கட்டாத ஓனர் எதுக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கூடப் போடப் போறார்?

பெரிய பயம் ரிப்பேர். பழைய ஃபேன் மெதுவா சுத்துனா, தெருமுனை எலக்ட்ரீசியன் கண்டென்சர் மாத்திட்டுப் போயிடுவார். பிஎல்டிசில சர்க்யூட் போர்டு போனா கம்பெனி சர்வீசுக்குக் காத்திருக்கணும். சுவர்ல இருக்கிற பழைய ரெகுலேட்டரும் சேராது. ரிமோட்டைத் தேடியே பாட்டிக்கு பிரஷர் ஏறும் :)

எல்இடி பல்பை நினைச்சுப் பாருங்க. 2015ல் உஜாலா திட்டம் வந்து விலை இறங்கியது. அதே ஹோல்டர்ல மாட்டினோம், முடிஞ்சது. யாரும் நமக்கு வகுப்பெடுக்கலை.

பிரஷர் மாத்திரையும் இப்படித்தான். வலி கிடையாது, செலவும் சிரமமும் இன்னைக்கு, பலன் பத்து வருஷம் கழிச்சு. அதான் பாதியில நிறுத்துறாங்க. திட்டி ஒருத்தரையும் நான் மாத்திரை போட வெச்சதில்லை. பக்கத்துலயே, இலவசமா, ரெண்டு மாசத்துக்குச் சேர்த்துக் கொடுத்தா போடுறாங்க.

உங்க பில் 500 யூனிட்டை ஒட்டி வருதா? தாண்டினா 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கும் ரேட் இரட்டிப்பு. முதல்ல மாத்த வேண்டியது நீங்கதான். அதிக நேரம் ஓடுற ஒரே ஒரு ஃபேனை மாத்துங்க, பெரியவங்க படுக்கிற அறையில. இரண்டு வருஷத்துக்குக் குறையாத வாரன்டி, உள்ளூர்ல சர்வீஸ் இருக்கான்னு கேட்டு வாங்குங்க.

வாடகை வீடா? ஓனர் ஃபேனைப் பரண்ல வைங்க. காலி பண்ணும்போது அதை மாட்டிக் கொடுத்துட்டு, உங்களோடதை எடுத்துட்டுப் போங்க.