எட்டு வாஷர்களின் கூலி

பழைய புல்லட்டில், எஞ்சின் எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலரைப் பொருத்திக்கொள்ளும் ஆசை ஓட்டுநர்களிடம் வளர்ந்திருக்கிறது. பொருத்திய சில வாரங்களில் எண்ணெய் கசிகிறது என்ற புகாரும் கூடவே வளர்ந்திருக்கிறது. கூலர் மட்டமானது, இல்லையென்றால் மெக்கானிக் அலட்சியமானவர். புகார் இந்த இரண்டில் ஒன்றில் போய் முடியும். சென்னையில் புதுப்பேட்டைச் சந்துகளிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கத்திலும் இருக்கும் பட்டறைகளில் இந்த வேலை நடப்பதை நண்பர் ஒருவரின் அறிமுகத்தால் அருகில் நின்று பார்க்கக் கிடைத்தது. பார்த்ததை வைத்து நான் சொல்ல விரும்புவது இது: கசிவைத் தடுக்கும் வேலை என்ன என்பது அந்தப் பட்டறைகளில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த வேலைக்குப் பிடிக்கும் நேரத்துக்குத்தான் யாரும் கூலி தருவதில்லை.

கூலர் தேவையா என்ற கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில், எரியும் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குகூடச் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. மீதி வெப்பம்தான். அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போகிறது. எஞ்சியதைச் சிலிண்டரின் துடுப்புகளும் எண்ணெயும் சுமக்கின்றன. எண்ணெய்க்குச் சுமார் 100 டிகிரி நல்ல சூடு. அந்தச் சூட்டில்தான் அதில் கலந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போகும். 130 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் ஓடினால் எண்ணெய் சீக்கிரம் கெடும். ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ராயல் என்ஃபீல்ட் 2016இல் வந்த ஹிமாலயனிலும் 2018இல் வந்த 650 இரட்டைச் சிலிண்டர் வண்டிகளிலும் கூலரைத் தொழிற்சாலையிலேயே பொருத்தியது. அது இல்லாத பழைய வண்டிக்காரர்கள் பல்சர் 220இன் கூலரை வாங்கி மாட்டுகிறார்கள், அல்லது கிட்டாக விற்பதை வாங்குகிறார்கள். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் போகிறவருக்கு இதனால் பலன் உண்டு. சிக்னலில் நிற்கும் வண்டியையும் இது குளிர்விக்கும் என்று சொல்லி விற்பதை நான் ஏற்கவில்லை. காற்று மோதினால்தான் கூலர் வேலை செய்யும். அதற்கு விசிறி கிடையாது. அக்னி நட்சத்திர வெயிலில் அண்ணா சாலை நெரிசலில் நிற்கும் புல்லட்டுக்கு அதனால் கிடைப்பது, கூலரும் ஹோஸும் கூடுதலாகப் பிடிக்கும் கொஞ்சம் எண்ணெய் மட்டுமே. தினமும் இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பும் வண்டியில் எண்ணெய் சூடேறவே தாமதமாகும். அதற்குக் கூலரால் கெடுதல்தான். இதை வாங்க வருபவரிடம் சொல்லிவிட்டால் பாதி கசிவுகள் நடக்கவே வாய்ப்பிருக்காது.

பொருத்தும் வேலையில் பிராக்கெட் வளைப்பது, துளை போடுவது ஆகியவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றிலும் திறமை உண்டு, ஆனால் கசிவைப் பற்றி அவை அதிகம் சொல்வதில்லை. இணைப்புகளுக்கு வருவோம். எண்ணெய் எஞ்சினிலிருந்து ஒரு ஹோஸ் வழியாகக் கூலருக்குப் போய், இன்னொன்றின் வழியாகத் திரும்புகிறது. இரண்டு ஹோஸுக்கும் சேர்த்து 4 முனைகள். ஒவ்வொரு முனையும் வளையமாக இருக்கும். அதை நடுவே துளையுள்ள பேஞ்சோ போல்ட் பிடித்துக்கொள்ளும். வளையத்துக்கு இரு பக்கமும் ஒவ்வொரு செப்பு வாஷர். ஆக 8 வாஷர்கள். வாஷருக்கு இரண்டு பக்கம் என்றால் எண்ணெயை அடைத்து நிறுத்த வேண்டிய முகங்கள் 16. இத்தனை நாள் அந்த வண்டியில் இல்லாத 16 இடங்கள். ஒன்றில் நகத்தால் உணர முடியாத கீறல் இருந்தாலும் போதும். காலையில் எண்ணெய் கெட்டியாக இருந்து அழுத்தம் கூடும்போது அங்கே ஈரம் அரும்பும்.

நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது அந்தச் செப்பு வாஷரைத்தான். செம்பின் மென்மைதான் அதற்கு வேலை கொடுக்கிறது. போல்ட்டை முறுக்கும்போது வாஷர் நசுங்கி, இரு பக்க உலோகத்தின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் படிந்து அடைக்கிறது. ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிவிடும். கழற்றி அதையே மறுபடி போட்டால் படியாது. பழைய மெக்கானிக்குகள் அதைக் கம்பியில் கோத்து, சுடரில் சிவக்கக் காட்டி, தண்ணீரில் முக்குகிறார்கள். எஃகை இப்படிச் செய்தால் கடினமாகும், செம்போ இளகும். பிறகு எமரித் தாளைக் கண்ணாடித் துண்டின்மேல் விரித்து, வாஷரை விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்து, மேலே படிந்த கருமையை எடுத்து முகத்தைச் சமமாக்குகிறார்கள். வளையத்தின் முகத்துக்கும் அதே தேய்ப்பு. அண்ணன் செய்வதைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துத்தான் பையன்கள் இதைப் பழகுகிறார்கள். புது வாஷர் சில ரூபாய்தானே, இந்தப் பாடு எதற்கு என்று கேட்கலாம். கிட்டோடு வரும் வாஷர் எப்போதும் சரியான கனத்தில் இருப்பதில்லை. சரியானதைத் தேடிக் கடை கடையாய்ப் போகும் நேரமும் மெக்கானிக்கின் கணக்கில்தான் விழுகிறது. புதிது கிடைத்தால் புதிதையே போட வேண்டும் என்பதில் அவர்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

கசிவோடு வரும் வண்டியைப் பார்ப்பது இன்னும் பொறுமை கேட்கும் வேலை. ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளுகிறது, எடை கீழே இழுக்கிறது. ஈரம் தெரியும் இடம் ஒன்று, கசியும் இடம் அதற்கு மேலேயோ முன்னாலேயோ இன்னொன்று. அதனால் முதலில் எஞ்சினை நன்றாகக் கழுவித் துடைத்துக் காயவைத்து, முகப்பவுடரைத் தூவி, வண்டியை ஸ்டார்ட் செய்து காத்திருக்கிறார்கள். பவுடர் முதலில் எங்கே கருக்கிறதோ அங்கேதான் கசிவு. கூலரில் சந்தேகம் வருமுன் பிரீதர் குழாயைப் பார்ப்பவர் நல்ல மெக்கானிக். அது அடைத்திருந்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, நன்றாக இருக்கும் சீலும் கசியும். இந்தப் பொறுமைக்கு நேரமில்லாத இடத்தில் ஈரத்தின்மேல் சிலிக்கான் பேஸ்ட் அப்பப்படுகிறது, போல்ட்டின் மரையில் டேப் சுற்றப்படுகிறது. இரண்டும் தவறு. பேஞ்சோ போல்ட்டில் மரை எதையும் அடைப்பதில்லை, வாஷர்தான் அடைக்கிறது. பிய்ந்த டேப்பும் உதிர்ந்த பேஸ்ட்டும் எண்ணெய்த் துளையில் சிக்கினால் எஞ்சினின் மேல்பகுதி எண்ணெயின்றிக் காயும். கூலரின் அலுமினியம் அதிர்வில் விரிசல் விட்டிருந்தால் ஆர்கான் வெல்டிங் தேவை, பிராக்கெட்டுக்கு ரப்பர் புஷ் தேவை. ஒட்டுப் பசை அந்தச் சூட்டில் நெடுநாள் நிற்காது. இதையெல்லாம் ஒரு மெக்கானிக்கிடம் கேட்டால் தயங்காமல் சொல்கிறார். தெரிந்தும் பேஸ்ட் அப்புவது ஏன் என்பதற்குத்தான் பதில் வேண்டும்.

பதில் கூலியில் இருக்கிறது. வண்டிக்காரர் தரும் பணத்தில் பெரும்பங்கு கிட்டுக்குப் போகிறது. கடைக்காரருக்கு விற்ற நிமிடத்தில் கணக்கு முடிகிறது. கசிந்தால் அவர் பொருத்தியவரைக் கைகாட்டுவார். மெக்கானிக்குக்குப் பொருத்துகூலி ஒன்றுதான், அதுவும் பேரம் பேசிக் குறைக்கப்பட்டது. ஆனால் வேலை அன்றோடு முடிவதில்லை. சில நூறு கிலோமீட்டர் ஓடி, எஞ்சின் பலமுறை சூடேறிக் குளிர்ந்து அதிர்ந்தபின் வாஷர் இன்னும் கொஞ்சம் படியும், போல்ட்டின் பிடி தளரும். எண்ணெய் அளவையும் மறுபடி பார்க்க வேண்டும். இந்த இரண்டாம் பார்வைக்குக் காசு கேட்டால், சரியாகப் பொருத்தாமல் விட்டுவிட்டு மறுபடி பிடுங்குகிறார் என்ற பேச்சு வருகிறது. முகம் தேய்க்கும் அரைமணி நேரத்துக்கும் பவுடர் தூவிக் காத்திருக்கும் நேரத்துக்கும் விலை வைக்க மறுக்கும் ஒரு சந்தையில், வேகமாகப் பேஸ்ட் அப்புகிறவர்தான் பிழைக்க முடியும். பொருளை நகர்த்துகிறவருக்கு லாபமும், அதை வேலை செய்யவைக்கிறவருக்கு வசையும் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு இது. மெக்கானிக்கும் கடையில் கமிஷன் வாங்குகிறாரே என்பார்கள். வாங்குகிறவர்கள் உண்டு. கைவேலைக்கு வராத காசைப் பொருளிலிருந்து எடுக்கிறார்கள். அதன் விளைவாகத் தேவையில்லாத வண்டிக்கும் கூலர் விற்கப்படுகிறது. கூலி நியாயமாக இருந்தால் கமிஷனைத் தட்டிக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கும்.

கம்பெனி சர்வீஸுக்கே போகலாமே என்ற யோசனை பழைய வண்டிக்காரருக்கு உதவாது. வெளியில் வாங்கிய பாகத்துக்கு உத்தரவாதம் தர முடியாது என்பதால் அங்கே இந்த வேலையை எடுக்கத் தயங்குவார்கள். முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் மணிக்கட்டுக் கணக்கில் முறுக்குகிறார்களே என்ற குற்றச்சாட்டு வலுவானது, அதை நான் மறுக்கவில்லை. அலுமினிய மரை ஒரு கால் சுற்று அதிகமானாலும் போய்விடும். பிறகு ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் மரையைப் போட்டுத்தான் மீட்க வேண்டும். கசிகிறது என்றவுடன் இன்னும் கொஞ்சம் முறுக்குவதால்தான் பல மரைகள் போகின்றன. அனுபவமுள்ள கை பெரும்பாலும் சரியாகவே நிறுத்தும்; பழகும் பையனின் கைக்கு அந்தக் கருவி அவசியம். அதை வாங்கும் காசு பொருத்துகூலியிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே கூலர் பொருத்த வண்டியை விடுகிறவர்கள் ரசீதில் மூன்று வரிகளைக் கேட்டு வாங்கலாம்: 8 புதுச் செப்பு வாஷர், இணைப்பு முகங்களைச் சரிசெய்யும் கூலி, 500 கிலோமீட்டருக்குப் பின் மறுபார்வைக்கான கூலி. மூன்றாவது வரிக்கான பணத்தை முதல் நாளே கொடுத்துவிட வேண்டும்.